தோற்றவரின் மகிழ்ச்சி

ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரைச் சூழ்ந்து மாணவர் நால்வர். அவர்களுள் ஒருவர் மட்டும் சற்று ஒதுங்கி அமர்ந்து, யாழை ஒத்த நரம்புக் கருவி ஒன்றை மெல்ல மீட்டிக்கொண்டிருக்கிறார். தங்கள் ஆற்றலை உலகம் அறியவில்லை என்று மாணவர்கள் நாள்தோறும் குறைபட்டுக்கொள்வது ஆசிரியருக்குத் தெரியும். உலகம் அறிந்து அழைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் என்ன செய்ய விரும்புவர் என்று அவர் கேட்கிறார். தாம் வயதில் மூத்தவர் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார்.

முந்திக்கொண்டு விடை சொல்பவர் சூலூ. பெருநாடுகளின் இடையே நசுங்கிக் கிடக்கும் ஒரு நாடு. படையெடுப்பு ஒருபுறம், பஞ்சம் மறுபுறம். அந்நாட்டைத் தம் கையில் கொடுத்தால் மூன்றே ஆண்டுகளில் அதன் மக்களை அஞ்சா நெஞ்சினராக ஆக்கிக் காட்ட முடியும் என்கிறார். ஆசிரியர் முறுவலிக்கிறார். அடுத்தவர் ரான் யூ. அவர் சற்று அடங்கிய குரலில் சிறு நிலப்பகுதி ஒன்றைக் கேட்கிறார். அங்குள்ளோர் குறைவின்றி உண்ணும்படி செய்யலாம், இசையையும் ஒழுகலாற்றையும் கற்பிக்கத் தம்மினும் சிறந்தவர் வர வேண்டும் என்கிறார். மூன்றாமவர் கோங்சி ஹுவா. மூதாதையர் கோவிற் சடங்குகளில் ஒரு சிறு துணையாளராக நிற்கக் கற்றுக்கொண்டால் போதும் என்பது அவர் விருப்பம்.

இசைத்துக்கொண்டிருந்தவரின் முறை வருகிறது. அவர் பெயர் செங் சீ. விரல்கள் தளர்கின்றன, நரம்பு ஒருமுறை அதிர்ந்து ஓய்கிறது, கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுகிறார். தம் விருப்பம் மற்ற மூவருடையதைப் போன்றதன்று என்று தயங்குகிறார். அதனால் கேடொன்றுமில்லை, அவரவர் உள்ளத்தில் உள்ளதை அவரவர் சொல்வதுதானே என்று ஆசிரியர் ஊக்குகிறார். அவர் சொன்ன விருப்பம் மிக எளியது. இளவேனில் முடியும் நாள்களில், அப்பருவத்திற்கெனத் தைத்த ஆடை அணிந்து, இளைஞரும் சிறுவருமாகப் பன்னிருவர் அளவில் யீ ஆற்றுக்குப் போக வேண்டும். நீராட வேண்டும். மழை வேண்டி ஆடும் மேடையில் காற்று வாங்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டே வீடு திரும்ப வேண்டும். அவ்வளவே.

ஆசிரியர் நெடுமூச்செறிந்தார். தாம் செங் சீயின் பக்கமே என்றார்.

அந்த ஆசிரியர்தாம் கன்பூசியஸ். அவர் மறைந்த பின்னர் மாணவரும் மாணவரின் மாணவரும் தொகுத்த லுன் யூ என்னும் நூலின் பதினோராம் அதிகாரத்தில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. 20 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் பெரும்பாலானவை ஓரிரு வரிகளில் முடியும் சிற்றுரைகள். அவற்றிடையே இது நீண்டு நிற்கிறது. யீ ஆற்று நீராடலுக்குச் சான்றோர் பலவாறு பொருள் கூறினர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங், அந்தப் பருவத்தில் ஆற்றுநீர் குளித்து மகிழத்தக்க வெம்மை உடையதன்று, ஆதலால் இது மழை வேண்டும் சடங்கையே குறிக்கும் என்றார். 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஜூ சீ, விண்ணோடும் மண்ணோடும் இயைந்து நிற்கும் உள்ளத்தின் நிலையை இதிலே கண்டார். இரண்டும் மதிக்கத்தக்க உரைகளே. ஆயினும், மாணவரை அழைத்துக்கொண்டு ஒருநாள் ஆற்றுக்கோ அருவிக்கோ போய்த் திரும்பும் வழியில் அவர்கள் பாடக் கேட்ட ஆசிரியர்க்கு இப்பகுதி விளங்குவதற்கு உரையொன்றும் தேவைப்படாது.

வியப்பு வேறோரிடத்தில் உள்ளது. வாழ்நாள் முழுவதும் ஆட்சியில் ஒரு பொறுப்பைத் தேடி அலைந்தவர் கன்பூசியஸ். நாட்டைத் திருத்தக் கனவு கண்ட சூலூவின் பக்கமன்றோ அவர் நின்றிருக்க வேண்டும்? ஆற்றில் குளிக்க விரும்பியவனைக் கண்டு அவர் ஏன் நெடுமூச்செறிந்தார்?

கி.மு. 551இல், இன்றைய ஷான்டோங் மாநிலத்தில் சூஃபூ நகரம் உள்ள பகுதியில், லூ என்னும் சிறு நாட்டில் அவர் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார் என்பது மரபு. இளமையில் களஞ்சியக் கணக்கும் கால்நடைக் கணக்கும் பார்த்துப் பிழைத்தார். ஐம்பதைக் கடந்த பின்னரே சொந்த நாட்டில் உயர்பதவி ஒன்று கிடைத்தது, அதுவும் நிலைக்கவில்லை. கி.மு. 497 அளவில் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர், ஏறத்தாழ 14 ஆண்டுகள் வெய், சோங், ஜெங், சென், சாய் என்று நாடு நாடாகச் சுற்றினார். மன்னர்கள் அவரை வரவேற்றனர், அறிவுரை கேட்டனர், பொறுப்பை மட்டும் கொடுத்தாரில்லை. கி.மு. 484இல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 67. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மகன் இறந்தார். உயிரினும் மேலாக நேசித்த மாணவர் யென் ஹுய் இறந்தார். எதற்கும் முந்திக்கொண்டு பேசும் சூலூ, கி.மு. 480இல் வெய் நாட்டில் எழுந்த பூசலில் வெட்டுண்டு மாண்டார். கி.மு. 479இல் கன்பூசியசும் கண்மூடினார். அவர் விரும்பிய ஆட்சி எந்த நாட்டிலும் அமையவில்லை. உலகியல் அளவுகோல் எதனைக் கொண்டு அளந்தாலும் அது தோற்றவர் ஒருவரின் வாழ்க்கை.

அந்தத் தோற்றவர் தம்மைப் பற்றி என்ன எண்ணினார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அவர் எத்தகையவர் என்று ஷெ என்னும் பகுதியின் தலைவர் ஒருமுறை சூலூவிடம் கேட்டார். சூலூவுக்கு விடை கூறத் தெரியவில்லை. பேச்சில் முந்துபவரே வாயடைத்து நின்றார் என்றால் கேள்வி கடினமானதுதான். செய்தியறிந்த கன்பூசியஸ், இவ்வாறு சொல்லியிருக்கலாமே என்று விடையைத் தாமே எடுத்துக்கொடுத்தார். ஒன்றில் முனைந்துவிட்டால் உணவை மறப்பவர், மகிழ்ச்சியில் கவலையை மறப்பவர், முதுமை நெருங்குவதையும் அறியாதவர் என்பது அவர் தம்மைப் பற்றித் தாமே வரைந்த ஓவியம். அதில் பதவி இல்லை, புகழ் இல்லை, அறிவுடையவர் என்னும் பேச்சுக்கூட இல்லை. மூன்று மறதிகள் மட்டுமே உள்ளன.

இக்காலத்தில் மகிழ்ச்சி பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. புத்தகக் கடைகளில் அவற்றுக்கெனத் தனி அடுக்கே உண்டு. அவற்றுள் பல, படிப்பவனைத் தன்னையே உற்றுப் பார்க்கச் சொல்கின்றன. தான் மகிழ்ச்சியாக இருக்கிறோமா என்று நாள்தோறும் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கின்றன. நாடித்துடிப்பை ஓயாமல் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அதுவே நோயாகிவிடும். கன்பூசியசின் வழி வேறு. மகிழ்ச்சியை அவர் தேடியதாகத் தெரியவில்லை. வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார், அதிலே தம்மை மறந்தார், அந்த மறதிக்குள் மகிழ்ச்சி இருந்தது.

அந்த வேறொன்று யாது? முதலாவது கல்வி. லுன் யூ கற்றலின் இன்பத்தைக் கூறித்தான் தொடங்குகிறது. ஆனால் கற்பதோடு அங்கே நின்றுவிடவில்லை. கற்றதை உரிய காலத்தில் பயில்வதையும் சேர்த்தே கூறுகிறது. பயிலுதலைக் குறிக்கும் சீன எழுத்தின் மேற்பகுதி, இறகைக் குறிக்கும் வடிவம். பறவைக் குஞ்சு பறப்பதற்காக மீண்டும் மீண்டும் சிறகடித்தலே அவ்வெழுத்தின் மூலப்பொருள் என்று பழைய சீன அகராதி விளக்கும். கூட்டின் விளிம்பில் நின்று சிறகடிக்கும் குஞ்சுக்குத் தேர்வும் இல்லை, பரிசும் இல்லை. இரண்டாவது இசை. சீனத்தில் இசையைக் குறிப்பதற்கும் மகிழ்ச்சியைக் குறிப்பதற்கும் ஒரே எழுத்துத்தான். ஒலிப்பு மட்டும் மாறும். சீ நாட்டில் பழம் இசையொன்றைக் கேட்ட கன்பூசியஸ் மூன்று திங்கள் இறைச்சியின் சுவையே அறியாதிருந்தாராம். எவராவது நன்றாகப் பாடக் கேட்டால் மீண்டும் ஒருமுறை பாடச் சொல்லி, அதன்பின் தாமும் சேர்ந்து பாடுவது அவர் வழக்கம். இந்தச் சிறு செய்தியில் ஒரு நாகரிகம் இருக்கிறது. முதல்முறையே கூடச் சேர்ந்து பாடியிருந்தால் அது பாடியவரின் பாட்டை மறைத்திருக்கும்.

துன்பத்திலும் இது அவரைக் கைவிடவில்லை. சென் நாட்டுக்கும் சாய் நாட்டுக்கும் இடையே ஒருமுறை உணவு முற்றும் தீர்ந்துபோயிற்று. உடன் வந்தோர் நோயுற்று எழ முடியாமல் கிடந்தனர். அப்போதும் அவர் கற்பித்தலையும் பாடுதலையும் இசைக்கருவி மீட்டுதலையும் விடவில்லை என்று, நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பின்வந்த வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதுகிறார். சூலூவுக்குச் சினம் பொங்கியது. நல்லவர்க்கும் இந்நிலை வருமா என்று கேட்டார். வரும், ஆனால் நல்லவர் நிலைகுலையார் என்னும் கருத்தில் ஆசிரியர் விடை கூறினார்.

சூமா சியென் எழுதிய இன்னொரு கதை இதனினும் சுவையானது. ஜெங் நாட்டில் மாணவரைப் பிரிந்து கன்பூசியஸ் நகர வாயிலில் தனியே நின்றார். அவரைத் தேடிவந்த சூகோங்கிடம் உள்ளூரார் ஒருவர், கிழக்கு வாயிலில் ஒருவர் நிற்கிறார், நெற்றி பழங்காலப் பேரரசருடையதைப் போல் இருக்கிறது, ஆனால் ஆள் சாவு வீட்டு நாயைப் போல் சோர்ந்து காணப்படுகிறார் என்றாராம். சூகோங் ஒளிக்காமல் அதை ஆசிரியரிடமே சொல்லிவிட்டார். கன்பூசியஸ் வாய்விட்டு நகைத்தார். நெற்றியைப் பற்றிச் சொன்னது கிடக்கட்டும், நாய் என்றது மிகப் பொருத்தம் என்று ஒப்புக்கொண்டார். அறுபதை நெருங்கும் வயதில், வேலையின்றி, வீடின்றி, அயல்நாட்டு வாயிலில் நிற்கும் ஒருவர் அவ்வாறு நகைக்க முடிந்தது என்பதைப் பதவி உயர்வு வராமலே ஓய்வுக்காலத்தை நெருங்கும் ஆசிரியர்கள் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யென் ஹுய் ஒரு மூங்கில் கூடைச் சோறும் ஒரு சுரைக்குடுவை நீரும் கொண்டு குறுகிய சந்தில் குடியிருந்தும் தம் மகிழ்ச்சி மாறாதிருந்தார் என்று கன்பூசியஸ் மனமாரப் பாராட்டினார். இதனைக் காட்டி, ஏழ்மையே இன்பம் என்று உபதேசிப்பவர் உளர். அவர்கள் பெரும்பாலும் ஏழையராக இருப்பதில்லை. செல்வமும் சிறப்பும் மாந்தர் விரும்புபவை என்பதையும் வறுமை அவர்கள் வெறுப்பது என்பதையும் கன்பூசியஸ் மறைத்ததில்லை. அவர் பாராட்டியது சந்தையன்று, சந்தில் இருந்தும் மாறாத யென் ஹுய்யை. தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் இந்த வேறுபாட்டை நன்கறிவர்.

கல்வியும் இசையும் வாய்த்தவர்க்குச் சரி. மற்றவர் என் செய்வது என்று கேட்கலாம். கன்பூசியசின் விடை ‘லி’ என்னும் சொல்லில் இருக்கிறது. அதனைச் சடங்கு என்று பெயர்ப்பது வழக்கம். ஒழுகலாறு என்றால் இன்னும் பொருந்தும். வணங்குதல், வரவேற்றல், உண்ணுதல், வழியனுப்புதல், துக்கம் கேட்டல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். லுன் யூவின் பத்தாம் அதிகாரம் முழுவதும் அவர் எப்படி அமர்ந்தார், எப்படி உடுத்தார், எப்படி உண்டார் என்பதே பேச்சு. முதன்முறை படிப்போர்க்கு அது சலிப்பூட்டும். தத்துவ மேதையின் நூலில் இதற்கு என்ன இடம் என்று தோன்றும். அந்த ஐயம் தீர வேண்டுமாயின் பதினைந்தாம் அதிகாரத்தின் இறுதிக்குச் செல்ல வேண்டும்.

மியென் என்னும் இசைவாணர் ஒருவர் அவரைக் காண வருகிறார். அவர் பார்வையற்றவர். படி வரும்போது, இது படி என்று கன்பூசியஸ் சொல்கிறார். பாயை அடைந்ததும், இது பாய் என்கிறார். எல்லாரும் அமர்ந்த பின்னர் இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார் என்று ஒவ்வொருவராகக் கூறுகிறார். விருந்தினர் போன பிறகு, இசைவாணரிடம் பேச வேண்டிய முறை இதுதானா என்று ஒரு மாணவர் கேட்கிறார். ஆம், அவருக்குத் துணைபுரியும் முறை இதுதான் என்கிறார் ஆசிரியர்.

இவ்வளவே கதை. ஆனால் இதில் ஒழுகலாற்றின் முழுப்பொருளும் இருக்கிறது. படி எங்கே இருக்கிறது என்று சொல்பவன் அந்த நேரத்துக்குத் தன்னை மறந்துவிடுகிறான். அவன் கண்கள் இன்னொருவருக்காகப் பார்க்கின்றன. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அறியாத ஒருவரின் தனிமையை அவன் ஒருகணம் தானும் உணர்கிறான். ஒழுக்கம் என்பது உள்ளத்தில் தோன்றிப் பிறகு செயலாகும் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. செயலைத் திருந்தச் செய்துவந்தால் உள்ளமும் அதன்பின் வரும் என்பது கன்பூசியசின் நம்பிக்கை. காலையில் பள்ளி வாயிலில் மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து வணக்கம் கூறும் ஆசிரியருக்கு எல்லா நாளும் மனநிறைவு இருக்கும் என்பதில்லை. வீட்டில் பூசல் இருக்கலாம், உடல்நலம் குன்றியிருக்கலாம். ஆயினும் நாற்பது பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் முகம் சற்றேனும் மாறிவிடுகிறது. அதுபோன்றே, இரவு உணவின்போது கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு வருவதும் இக்காலத்துக்கு ஏற்ற ஓர் ஒழுகலாறுதான். தந்தை ஒரு திரையையும் மகள் ஒரு திரையையும் பார்த்துக்கொண்டு உண்ணும் வீட்டில், ஒருவர்க்கொருவர் படியும் பாயும் காட்டுவார் இலர்.

ஒழுகலாறு என்றதும் எல்லார்க்கும் ஒரே விதி என்று கொண்டுவிடலாகாது. நல்லது ஒன்றைக் கேட்டால் உடனே செய்துவிடலாமா என்று சூலூ கேட்டபோது, தந்தையும் தமையனும் இருக்க அவ்வாறு செய்வது தகாது என்றார். அதே கேள்வியை ரான் யூ கேட்டபோது, உடனே செய் என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த கோங்சி ஹுவா குழம்பினார். ரான் யூ பின்வாங்குபவர், அவரை முன்னே தள்ள வேண்டும். சூலூ இரண்டாள் வேகம் உடையவர், அவரைப் பின்னே இழுக்க வேண்டும் என்பது ஆசிரியர் தந்த விளக்கம். ஒரே விடையை நாற்பது பேருக்கும் எழுதிப் போட வேண்டிய நிலையில் உள்ள இன்றைய ஆசிரியர்க்கு இது பொறாமை தருகிற பகுதி.

இனி, துயரம். மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தயங்கும் இடம் அதுவே. யென் ஹுய் இறந்தபோது கன்பூசியஸ் கதறியழுதார். உடன் சென்ற மாணவர்கள், அளவு கடந்து அழுகிறீர்கள் என்று அவரிடம் சொன்னார்கள். அப்படியா அழுதேன் என்று அவர் கேட்டார். பிறகு, இந்த மனிதனுக்காக அழாமல் வேறு யாருக்காக அழுவது என்றார். முறையும் அளவும் கற்பித்தவர், தாம் அளவு கடந்ததையே அறியவில்லை. உணவை மறந்ததும் கவலையை மறந்ததும் எந்த உள்ளமோ, அதே உள்ளம்தான் இங்கே தன் அழுகையையும் மறந்தது. இரண்டையும் பிரிக்க இயலாது. தன்னை மறந்து மகிழத் தெரிந்தவர்க்குத் தன்னை மறந்து அழவும் நேர்கிறது.

இதையொட்டி இன்னொரு செய்தி உண்டு. யென் ஹுய்யின் தந்தை, மகனின் சவப்பெட்டிக்குப் புறப்பெட்டி செய்வதற்காக ஆசிரியரின் வண்டியைக் கேட்டார். கன்பூசியஸ் மறுத்துவிட்டார். தம் சொந்த மகனுக்கும் புறப்பெட்டி இல்லாமலே அடக்கம் நடந்தது என்றும், ஒருகாலத்தில் அமைச்சர் வரிசையில் நின்ற தாம் நடந்து செல்வது முறையாகாது என்றும் காரணம் கூறினார். படிப்பவர்க்கு இது நெருடத்தான் செய்யும். கதறியழுதவர் ஒரு வண்டியைக் கொடுக்கலாகாதா? உரையாசிரியர்கள் எவ்வளவோ சமாதானம் கூறியுள்ளனர். நெருடல் முழுவதும் நீங்கியபாடில்லை. மாணவர்களோ அவர் விருப்பத்தையும் மீறிச் சிறப்பாகவே அடக்கம் செய்தனர். யென் ஹுய் தம்மைத் தந்தையாகவே நடத்தினார், தம்மால் அவரை மகனாக நடத்த இயலவில்லை என்று கன்பூசியஸ் அப்போது வருந்தினார். இத்தகைய பகுதிகளைத் தொகுத்தவர்கள் நீக்காமல் விட்டதே லுன் யூவின் பெருமை.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவாங்சூ கன்பூசியசை அன்போடு கேலி செய்தவர். அவர் தம் நூலில் கற்பனைக் காட்சி ஒன்றை அமைக்கிறார். அதில் யென் ஹுய் ஆசிரியரிடம் வந்து, தாம் முன்னேறிவிட்டதாகக் கூறுகிறார். அறத்தை மறந்துவிட்டாராம், பின்னொரு நாள் ஒழுகலாற்றையும் இசையையும் மறந்துவிட்டாராம், கடைசியில் அமர்ந்தபடியே எல்லாவற்றையும் மறந்துவிட்டாராம். கன்பூசியஸ் திடுக்கிட்டு, இனித் தாமே அவருக்கு மாணவராக விரும்புவதாகக் கூறுகிறார். கேலிதான், ஆயினும் மாணவன் தன்னை விஞ்சக் கண்ட ஆசிரியரின் முகத்தை இதனினும் நன்றாகக் காட்ட முடியுமா?

அந்தச் சுவாங்சூவின் மனைவி இறந்தாள். துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுய்சூ, அவர் கால்களை நீட்டி அமர்ந்து மண்பாண்டத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கக் கண்டார். உடன் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அழாமலிருப்பதே போதாதா, பாட்டு வேறா என்று கடிந்தார். முதலில் தமக்கும் துயரம் இல்லாமலில்லை என்றார் சுவாங்சூ. அவள் பிறப்பதற்கு முன் உயிரும் இல்லை, உருவும் இல்லை. ஒன்று மாறி ஒன்றாகி, இப்போது மீண்டும் மாறியிருக்கிறாள். பருவங்கள் நான்கும் சுழல்வது போன்றது இது என்று பின்னர்த் தெளிந்ததாகக் கூறினார். கேட்பதற்கு உயர்ந்த ஞானம். யென் ஹுய்யின் பிணத்தருகே கதறிய கிழவரை வைத்துப் பார்க்கும்போது, ஞானத்தில் விஞ்சியவர் சுவாங்சூ என்றே பலர் தீர்ப்பளிப்பர்.

ஆனால் சுவாங்சூவின் நூலில் வேறோர் இடமும் இருக்கிறது. கடிந்துகொண்ட அந்த ஹுய்சூவும் காலப்போக்கில் இறந்தார். அவர் கல்லறையைக் கடந்து செல்லும்போது சுவாங்சூ உடன் வந்தவரிடம் ஒரு கதை சொன்னார். ஒருவன் மூக்கு நுனியில் ஈயின் சிறகளவு சுண்ணம் ஒட்டியிருந்தது. தச்சன் ஒருவன் கோடரியைச் சுழற்றி வீசி, மூக்கில் கீறல் படாமல் சுண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டான். சுண்ணம் பூசியவன் அசையாது நின்றான். மன்னன் ஒருவன் இதைக் கேள்வியுற்றுத் தச்சனை அழைத்துத் தனக்கும் செய்துகாட்டச் சொன்னான். முன்பு தன்னால் இயன்றது, ஆனால் அசையாமல் நின்ற அந்தக் கூட்டாளி இறந்து நெடுங்காலமாயிற்று என்றான் தச்சன். ஹுய்சூ போன பிறகு தமக்கும் அப்படித்தான், பேசுவதற்கு ஆள் இல்லை என்று சுவாங்சூ முடித்தார். மனைவியின் சாவில் பாடியவர் நண்பனின் கல்லறையில் பாடவில்லை. வாழ்நாளெல்லாம் தம்மோடு வாதாடியவர் இல்லாதபோது ஞானமும் கைவிடப்பட்ட கோடரியாயிற்று.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு வரலாறு தரும் விடை ஊக்கமூட்டுவதாக இல்லை. சீனத்தில் 1313ஆம் ஆண்டு லுன் யூ உட்பட நான்கு நூல்கள், ஜூ சீயின் உரையோடு, அரசுத் தேர்வுக்கு அடிப்படையாக்கப்பட்டன. 1905இல் அத்தேர்வுமுறை ஒழிக்கப்படும்வரை, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள், பதவி வேண்டிய இளைஞர் அனைவரும் அந்நூல்களை நெட்டுருப் போட்டனர். யீ ஆற்றங்கரையில் குளித்துப் பாடும் விருப்பமும் அதில் ஒரு தேர்வுப் பகுதி! எத்தனை சிறுவர் ஆற்றுக்குப் போகாமல் அறைக்குள் அமர்ந்து அந்த ஆற்றைப் பற்றி மனப்பாடம் செய்திருப்பர் என்று எண்ணுகையில் நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

அண்மைக்காலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1984இல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாயிற்று. மாணவர் தேர்ந்தெடுக்கக்கூடிய பிரிவுகளுள் கன்பூசிய ஒழுக்கவியலும் ஒன்று. அதைத் தேர்ந்தவர் சிறுபகுதியினரே. 1989இல் அந்தக் கட்டாயம் கைவிடப்படும் என்று அறிவிப்பு வந்தது. முயற்சியில் குற்றமில்லை; நோக்கமும் நல்லதே. ஆனால் பார்வையற்றவர்க்குப் படியைக் காட்டுவது எப்படி என்று வினாத்தாளில் கேட்டால், மதிப்பெண்ணுக்காக எழுதும் மாணவனின் கண்ணில் மதிப்பெண் தெரியுமேயன்றிப் படி தெரியாது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது, இனி எதைக் காட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைப்பது என்று திகைத்த ஆசிரியர்களும் இருந்தனர். சிறகடிக்கும் குஞ்சு அவர்கள் கண்ணில் படாமற் போனது வியப்பன்று. தேர்வு அவ்வளவு நெடுங்காலம் அவர்கள் கண்ணுக்கும் குஞ்சுக்கும் இடையே நின்றது.

கன்பூசியஸ் எவருக்கும் தேர்வு வைக்கவில்லை. அவர் கற்பித்தது நிலைத்ததா என்பதை அறிய அவர் மறைவுக்குப் பின் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். சூமா சியென் அதை மிகச் சுருக்கமாக எழுதியிருக்கிறார். தந்தை இறந்தால் மகன் காக்கும் முறைப்படி மாணவர்கள் மூன்றாண்டுகள் துக்கம் காத்தனர். காலம் முடிந்ததும் ஒருவரையொருவர் வணங்கி, மீண்டும் ஒருமுறை அழுது, தத்தம் வழியே பிரிந்து சென்றனர். சூகோங் மட்டும் போகவில்லை. துக்க வீட்டு நாய் என்று ஊரார் சொன்னதை ஒளிக்காமல் வந்து சொன்னாரே, அவரேதான். மாணவருள் வணிகத்தில் வெற்றிபெற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். நாடுகளிடையே தூது சென்று புகழ்பெற்ற நாவன்மையாளர். செய்வதற்கு வேலை அவருக்கு நிறைய இருந்தது. கல்லறையருகே குடிசை ஒன்று கட்டிக்கொண்டு அவர் இன்னும் மூன்றாண்டுகள் அங்கேயே தங்கினார்.